டி.சி. வாங்குவதற்கு முன்னால்

போன இதழில் கலைக் கல்லூரிகளின் செய்முறை நுழைவுத் தேர்வைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வேறொரு கேள்வியைக் கேட்கின்றன. ஏற்கெனவே ஒரு கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் நடுவில் கலை, வடிவமைப்புப் படிப்புக்கு மாற நினைக்கிறார்கள். இதுவரை படித்த பாடங்களின் கிரெடிட்டுக்கு, அதாவது பாடத்தின் மணிக்கணக்கை வைத்துக் கொடுக்கும் புள்ளிகளுக்கு, அங்கே மதிப்பு உண்டா என்று கேட்கிறார்கள். அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் இதற்கே. முதல் கடிதத்துக்கு நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன். மற்றவர்களும் அதைப் படித்துவிட்டு உங்கள் பதிலுக்கு வாருங்கள்.

டீச்சர், நான் நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கிறேன். இரண்டாம் ஆண்டு முடியப் போகிறது. வெளிமாநிலத்தில் கலை, வடிவமைப்புக்கு என்றே இருக்கும் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் பி.டெஸ். (வடிவமைப்பு இளங்கலை) சேர ஆசை. ஃபோனில் கேட்டபோது 'கிரெடிட் டிரான்ஸ்ஃபர் உண்டு, வாருங்கள்' என்றார்கள். அப்பா ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. 'படித்த இரண்டு வருஷம் வீணாகாது என்றால் போ' என்கிறார். செமஸ்டர் முடிந்ததும் டி.சி. வாங்கிவிடலாமா?
வாசகி, குலசேகரம்

வாங்காதே மக்கா. மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம். இதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

'கிரெடிட் டிரான்ஸ்ஃபர் உண்டா' என்று நீ கேட்டதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. வெளியில் படித்த பாடங்களை ஏற்பார்களா? என்னுடைய பாடங்களில் எத்தனையை ஏற்பார்கள்? ஏற்ற பிறகு என்னை எந்த செமஸ்டரில் உட்கார வைப்பார்கள்? ஃபோனில் உனக்குக் கிடைத்தது முதல் கேள்விக்கான பதில். உன் அப்பா கேட்பது மூன்றாவது கேள்வியை.

2021 ஜூலையில் பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, ஒரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அகடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் என்று பெயர், சுருக்கமாக ஏபிசி. நீ தேறிய பாடங்களின் கிரெடிட்டை உன் பல்கலைக்கழகம் உன் பெயரில் இருக்கும் கணக்கில் ஏற்றும். டிஜிலாக்கர் வழியாக 12 இலக்க எண் எடுத்திருப்பாய். இல்லையென்றால் இன்றைக்கே எடுத்துவிடு. அந்தக் கணக்கில் நீயாக எதையும் ஏற்ற முடியாது, பல்கலைக்கழகம்தான் ஏற்ற வேண்டும். இப்போது படிக்கும் இடம், போகப்போகும் இடம் இரண்டுமே ஏபிசியில் பதிவு செய்திருக்க வேண்டும். ஏறிய கிரெடிட் 7 ஆண்டு வரை செல்லும். பட்டம் கொடுக்கும் இடத்தில் குறைந்தது பாதி கிரெடிட்டாவது படித்து எடுத்திருக்க வேண்டும் என்பதும் விதி. நான்கு ஆண்டு பி.டெஸ். படிப்புக்கு 160 கிரெடிட் என்று வைத்துக்கொண்டால், நீ இங்கிருந்து கொண்டுபோகக் கூடியது 80 வரைதான்.

அந்த 80 என்பது மேல்வரம்பு. அவ்வளவையும் அவர்கள் ஏற்றே ஆக வேண்டும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. எந்தப் பாடம் எதற்கு ஈடு என்று முடிவு செய்வது உன்னைச் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகம். அதற்கு அவர்கள் உன் மார்க்‌ஷீட்டை மட்டும் பார்க்க மாட்டார்கள். சிலபஸையும் மணிக்கணக்கையும் பார்ப்பார்கள்.

உன் மார்க்‌ஷீட்டில் டிராயிங் என்று ஒரு தாள் இருக்கும், 4 கிரெடிட் என்று போட்டிருக்கும். யுஜிசி கணக்கில், உட்கார்ந்து கேட்கும் பாடம் என்றால் ஒரு கிரெடிட்டுக்கு செமஸ்டரில் 15 மணி நேரம். கையால் செய்யும் லேப், ஸ்டுடியோ என்றால் 30 மணி நேரம். அப்படியானால் 4 கிரெடிட் ஸ்டுடியோ பாடத்துக்கு 120 மணி நேரம் பலகையின் முன்னால் நின்றிருக்க வேண்டும். உன் வகுப்பில் டிராயிங்குக்கு வாரத்துக்கு எத்தனை பீரியட், அதில் எத்தனை உண்மையில் நடந்தது? நீயே நேர்மையாகக் கணக்குப் போட்டுப் பார். அவர்களும் அதைத்தான் செய்வார்கள்.

டிசைன் படிப்பின் முதல் ஆண்டை ஃபவுண்டேஷன் என்பார்கள். கோடு, வடிவம், நிறம், பொருள் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு போவார்கள். களிமண், மரம், காகிதம் எல்லாவற்றிலும் கை பழக வேண்டும். இந்த அடுக்கில் நடுவில் ஒரு கல்லை மட்டும் வெளியிலிருந்து கொண்டுவந்து வைக்க எந்த வாத்தியாருக்கும் மனசு வராது. நானும் 20 ஆண்டுக்கு மேல் ஃபவுண்டேஷன் வகுப்பு எடுத்தவள்தான், எனக்கும் வராது. அதனால் பொதுவாக என்ன நடக்கும் என்றால், பார்ட் ஒன் தமிழ், பார்ட் டூ ஆங்கிலம், சுற்றுச்சூழல் கல்வி, கலை வரலாறு, மீடியா தியரி போன்ற தாள்கள் சுலபமாகப் போய்ச் சேரும். ஸ்டுடியோ தாள்கள் திரும்பி வரும்.

என்னிடம் படித்த ஒரு பிள்ளை உன்னைப் போலவே இரண்டாண்டு முடித்துவிட்டு மாறினாள். 24 கிரெடிட்டை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் சேர்த்தது முதல் ஆண்டில். அந்த 24 கிரெடிட்டால் அவளுக்குக் கிடைத்தது வாரத்தில் இரண்டு மத்தியானம் ஓய்வு. அந்த நேரத்தில் அச்சகத்தில் வேலை கற்றுக்கொண்டாள், அது அவளுக்கு உதவியது. ஆனால் ஓர் ஆண்டுகூடக் குறையவில்லை, ஃபீஸும் குறையவில்லை. கிரெடிட் ஏற்கப்பட்டது என்பது ஒன்று, ஆண்டு குறைந்தது என்பது வேறொன்று. இந்த வித்தியாசத்தை உன் அப்பாவுக்கு விளங்க வைத்துவிட்டு அப்புறம் முடிவெடு.

டி.சி. விஷயத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் என் சொந்த அனுபவம். 1988-ல் நான் பி.எஸ்சி. தாவரவியல் இரண்டாம் ஆண்டு முடித்திருந்தேன். ஒரு கலைக் கல்லூரியின் செய்முறைத் தேர்வில் தேறிவிட்டேன் என்று தகவல் வந்தது. அன்றைக்கு மத்தியானமே கல்லூரி ஆபீசில் போய் டி.சி. எழுதிக் கொடுத்துவிட்டேன். சேரப் போன இடத்தில் மைக்ரேஷன் சர்டிபிகேட் கேட்டார்கள், ஒரு பல்கலைக்கழகத்தை விட்டு இன்னொன்றுக்குப் போகப் பழைய பல்கலைக்கழகம் கொடுக்கும் சான்றிதழ் அது. அப்படி ஒரு காகிதம் இருப்பதே எனக்குத் தெரியாது. அதற்கு எழுதிப் போட்டு, அது வந்து சேர ஏழு வாரம் ஆனது. அதற்குள் சேர்க்கை முடிந்துவிட்டது. பழைய கல்லூரியில் என் இடத்தை மூடிவிட்டார்கள். அந்த ஒரு வருஷம் இரணியலில் வீட்டுத் திண்ணையில் இருந்தேன். அம்மை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

மறு ஆண்டு நேர்காணலுக்குப் போனபோது என் தாவரவியல் ரெக்கார்டு நோட்டையும் கையில் எடுத்துப் போனேன். செம்பருத்திச் சூலகத்தின் குறுக்குவெட்டு, ஐந்து அறைகளும் தெரிய, பிளேடால் ஊசி மாதிரி சீவிய பென்சிலால் வரைந்தது. நிழலுக்குத் தேய்க்கக் கூடாது, புள்ளி வைத்துத்தான் காட்ட வேண்டும் என்பது தாவரவியல் மேடத்தின் கட்டளை. நேர்காணலில் இருந்த பெரியவர் அந்தப் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து வெகு நேரம் பார்த்தார். இரண்டாண்டுத் தாவரவியலுக்கு எனக்கு ஒரு கிரெடிட்கூடக் கிடைக்கவில்லை, அந்தக் காலத்தில் அந்தப் பேச்சே கிடையாது. சீட்டு வாங்கிக் கொடுத்தது அந்த நோட்டுதான் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

சரி, உன் ஆண்டுக் கணக்குக்கு வருவோம். இப்போது மாறினால், முதல் ஆண்டில் உட்கார வைத்தால், இன்னும் 4 ஆண்டு. மூன்றாவது செமஸ்டரில் ஏற்றுக்கொண்டால் 3 ஆண்டு. மாறாமல் இருக்கும் படிப்பை முடித்தால் ஓர் ஆண்டில் பட்டம் கையில். அந்தப் பட்டத்தோடு ஐஐடி பம்பாய் நடத்தும் சி.இ.இ.டி. தேர்வு எழுதி எம்.டெஸ். போக வழி உண்டு, சேர்க்கைத் தகுதியை மட்டும் ஒவ்வொரு நிறுவனத்திலும் தனியாகப் பார்த்துக்கொள். தேர்வு எழுதுவதற்குப் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் குறைந்தது 3 ஆண்டுப் படிப்பு போதும், எந்தப் பாடமாக இருந்தாலும் சரி. வயது வரம்பு இல்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். கடைசி ஆண்டில் இருக்கும்போதே எழுதலாம். எம்.டெஸ். 2 ஆண்டு. ஆக, மூன்றே ஆண்டில் முதுகலைப் பட்டம். மாறிப்போய் பி.டெஸ். மட்டும் முடிப்பதற்கும் அதே மூன்று அல்லது நான்கு ஆண்டு.

அரசு நிறுவனங்களின் பி.டெஸ். பக்கம் திரும்பினால் வேறு கதவுகள் மூடிவிடும். ஐஐடிகளின் பி.டெஸ். படிப்புக்கான யு.சி.இ.இ.டி. தேர்வை, பன்னிரண்டாம் வகுப்பை அந்த ஆண்டிலோ அதற்கு முந்தைய ஆண்டிலோ எழுதியவர்கள்தான் எழுத முடியும். உனக்கு அந்தக் காலம் தாண்டிவிட்டது. அகமதாபாத் என்ஐடி (நேஷனல் இன்ஸ்டிடியூட் ஆஃப் டிசைன்) போன்ற என்ஐடிக்களின் பி.டெஸ். படிப்புக்குப் பொதுப் பிரிவில் 20 வயது வரம்பு. மத்திய அரசின் ஓபிசி பட்டியலில் கிரீமி லேயர் இல்லாதவர்களுக்கும், எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கும் 3 ஆண்டு தளர்வு உண்டு. நிஃப்ட் (மத்திய அரசின் ஆடை வடிவமைப்புக் கல்வி நிறுவனம்) என்றால் ஆகஸ்ட் 1 அன்று 24 வயது நிறைந்திருக்கக் கூடாது. உன்னைப் போன்றவர்களுக்கு இவை எல்லாமே நுழைவுத் தேர்வு எழுதி முதல் ஆண்டில் போய் உட்காரும் படிப்புகள்.

எனக்கு உன்னைத் தெரியாது. ஆனாலும் இரண்டாம் ஆண்டு முடிக்கும் பிள்ளைக்கு என் வாயிலிருந்து வரும் பதில், படித்ததை முடி என்பதுதான். முதல் செமஸ்டரில் இருக்கும்போது இதே கேள்வியைக் கேட்டிருந்தால், போ என்று சொல்லியிருப்பேன்.

இல்லை, மாறியே தீருவேன் என்றால் இப்படிச் செய். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சலில் எழுது, ஃபோன் வேண்டாம். உன் எல்லா செமஸ்டர் மார்க்‌ஷீட்டையும், ஒவ்வொரு தாளின் சிலபஸையும் இணைத்து, 'என்னை எந்த செமஸ்டரில் சேர்ப்பீர்கள், எந்தெந்தத் தாளிலிருந்து எனக்கு விலக்கு, எத்தனை ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டும்' என்று மூன்று வரியில் கேள். பதில் எழுத்தில் வரட்டும். வந்த பிறகு அப்பாவைக் கூட்டிக்கொண்டு கல்லூரி ஆபீசுக்குப் போ. டி.சி. எழுதிக் கொடுக்கும் அன்றைக்கே மைக்ரேஷன் சர்டிபிகேட்டுக்கும் விண்ணப்பித்துவிடு.

சிலபஸை இப்போதே சேர்த்து வை. நீ படித்த ஆண்டின் சிலபஸ்தான் வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை மாற்றிவிடுவார்கள், அப்புறம் பழையதைத் தேடி அலைய வேண்டும். மணிக்கணக்கு தெளிவாகப் போட்டிருக்கிறதா என்று பார்த்து, எச்.ஓ.டி. கையெழுத்தும் கல்லூரி சீலும் ஒவ்வொரு பக்கத்திலும் வாங்கு.

இன்னொன்று, சின்ன விஷயம்தான், ஆனால் நம் ஊர்ப் பிள்ளைகளை நிறையவே அலைக்கழிக்கிறது. ஆதாரில் உன் பெயர் எப்படி இருக்கிறது, மார்க்‌ஷீட்டில் எப்படி இருக்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். நமக்கு இனிஷியல் ஒரு எழுத்து. ஒன்றில் அது முன்னால் இருக்கும், ஒன்றில் பின்னால் இருக்கும், ஒன்றில் அப்பா பெயர் முழுவதுமாக விரிந்திருக்கும். ஒரே பெயரை ஞானஸ்நானச் சான்றிதழில் ஒரு மாதிரியும் பள்ளிக்கூடத்தில் ஒரு மாதிரியும் எழுதியிருப்பார்கள். பெயர் ஒத்துப்போகாவிட்டால் ஏபிசி கணக்கில் கிரெடிட் ஏறாமல் நிற்கும். கணக்கைத் திறந்து, நான்கு செமஸ்டரும் ஏறியிருக்கிறதா என்று இந்த வாரமே பார்த்துவிடு.

டீச்சருக்கு வணக்கம். என் மகன் பத்தாம் வகுப்புக்குப் பிறகு பாலிடெக்னிக்கில் 3 ஆண்டு கார்மென்ட் டெக்னாலஜி டிப்ளமோ முடித்திருக்கிறான். இனி டிசைன் படிக்க வேண்டும் என்கிறான். அவன் அப்பா வளைகுடாவில் இருக்கிறார். மறுபடி முதல் ஆண்டிலிருந்து நான்கு வருஷமா என்று யோசிக்கிறோம்.
ஒரு தாய், குளச்சல்

அம்மா, உங்கள் மகனுக்கு முதல் கடிதத்தில் சொன்ன சிக்கல்கள் பாதி கிடையாது. நிஃப்ட் நிறுவனத்தில் டிப்ளமோ முடித்தவர்களுக்கு லேட்டரல் என்ட்ரி என்று தனி வழி இருக்கிறது. தேறினால் நேராக மூன்றாவது செமஸ்டரில் சேர்வார்கள். அதாவது ஓர் ஆண்டு குறையும். சென்னையில் தரமணியில் அவர்கள் கல்லூரி இருக்கிறது. டிப்ளமோ பாடம் சேரப்போகும் பாடத்தோடு பொருந்த வேண்டும் என்பதால், அவனுடைய டிப்ளமோ ஏற்கப்படும் பட்டியலில் வருகிறதா என்பதை அந்த ஆண்டின் அறிவிக்கையை வைத்துச் சரிபாருங்கள். இடங்கள் கொஞ்சம்தான். போட்டி இருக்கும்.

பையனிடம் ஒன்று சொல்லுங்கள். பாலிடெக்னிக்கில் அவன் வெட்டிய பேட்டர்ன், தைத்த மாதிரித் துணிகள் எதையும் தூக்கிப்போட வேண்டாம். பேட்டர்ன் காகிதத்தை மடிக்காமல் சுருட்டி வைக்கட்டும்.

மதிப்பிற்குரிய டீச்சர், நான் பி.ஏ. ஆங்கிலம் முதலாம் ஆண்டு. என் சித்தி அமெரிக்காவில் இருக்கிறார். அங்கே ஒரு கலை, வடிவமைப்புப் பல்கலைக்கழகத்தில் இல்லஸ்ட்ரேஷன் படிக்க விண்ணப்பிக்கச் சொல்கிறார். நான் படித்த ஓர் ஆண்டை அங்கே கணக்கில் எடுப்பார்களா? ஓவியம் சம்பந்தமாக நான் எதுவுமே படிக்கவில்லையே?
வாசகி, மார்த்தாண்டம்

எடுப்பார்கள். ஆங்கிலம் படித்தவளுக்கு அங்கே கொஞ்சம் சாதகமும் உண்டு. அங்கே பி.எஃப்.ஏ. (நுண்கலை இளங்கலை) படித்தாலும் ஸ்டுடியோ பாடங்களோடு மொழி, வரலாறு, கணிதம், அறிவியல், சமூகவியல் என்று பொதுப் பாடங்களும் கட்டாயம். நீ படித்த ஆங்கிலத் தாள்கள், அலைடு தாள், சுற்றுச்சூழல் கல்வி எல்லாம் அந்தப் பக்கத்தில் போய் உட்காரும். பார்ட் ஒன் தமிழைக்கூட விருப்பப் பாடமாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு, விட்டுவிடாமல் கேள். குறைந்தது சி கிரேடு என்பது பல இடங்களில் நிபந்தனை. அரியர் வைக்காதே.

எண்களில் ஏமாந்துவிடாதே. அங்கே நான்கு ஆண்டுப் பட்டத்துக்கு வழக்கமாக 120 செமஸ்டர் கிரெடிட், ஆண்டுக்கு 30. நம் மார்க்‌ஷீட்டில் 40 என்று இருக்கிறதே என்று அங்கேயும் 40 எதிர்பார்க்காதே. சில இடங்களில் ஆண்டை செமஸ்டராகப் பிரிக்காமல் குவார்ட்டராகப் பிரிக்கிறார்கள். ஜார்ஜியா மாநிலத்தில் சவானா நகரத்தில் 1978-ல் தொடங்கிய சவானா காலேஜ் ஆஃப் ஆர்ட் அண்ட் டிசைன் அப்படித்தான். அங்கே பி.எஃப்.ஏ. பட்டத்துக்கு 180 குவார்ட்டர் கிரெடிட். ஒரு செமஸ்டர் கிரெடிட் ஒன்றரை குவார்ட்டர் கிரெடிட்டுக்குச் சமம். உன் 3 கிரெடிட் பாடம் அங்கே போனால் நாலரை ஆகும். அவர்களுடைய ஒரு பாடம் 5 கிரெடிட். அந்த அரை கிரெடிட் குறைவை எப்படி ஈடுகட்டுவது என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்.

மார்க்‌ஷீட்டை நீ நகல் எடுத்து அனுப்பினால் போதாது. பெரும்பாலும் பல்கலைக்கழகமே சீல் வைத்த உறையிலோ இணையம் வழியாகவோ நேராக அனுப்ப வேண்டும். நியூயார்க்கில் இருக்கும் வேர்ல்ட் எஜுகேஷன் சர்வீசஸ் போன்ற மதிப்பீட்டு அமைப்பு ஒன்றின் அறிக்கையையும் கேட்கலாம். அப்போது தாள் வாரியாக மதிப்பிட்ட அறிக்கையைக் கேட்டு வாங்கு. மொத்தமாக 'ஓர் ஆண்டுப் படிப்புக்குச் சமம்' என்று மட்டும் சொல்லும் அறிக்கை கிரெடிட் மாற்றத்துக்கு உதவாது.

ஓவியம் படிக்கவில்லையே என்று கேட்டாய். ஸ்டுடியோ பாடங்களில் உன்னை எங்கே உட்கார வைப்பது என்று அவர்கள் பார்ப்பது போர்ட்ஃபோலியோவைத்தான், அதாவது நீ வரைந்தவற்றின் தொகுப்பை. மார்க்‌ஷீட்டில் ஓவியம் இல்லாததால் நீ ஃபவுண்டேஷனிலிருந்துதான் தொடங்குவாய், அதுவே உனக்கு நல்லது. ஆனால் சேர்க்கையும் உதவித்தொகையும் அந்தப் போர்ட்ஃபோலியோவின் கையில் இருக்கின்றன. ஓராண்டு அதற்கே செலவழி.

இணையத்தில் பார்த்து அனிமே முகங்களை வரைந்து நிரப்பாதே. அதை உலகம் முழுவதும் பிள்ளைகள் வரைந்து அனுப்புகிறார்கள். நீ கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறாய். தோவாளைக்கு விடிவதற்கு முன்னால் போ. அங்கே மாணிக்க மாலை கட்டுகிறவர்களின் பக்கத்தில் அனுமதி கேட்டு உட்கார். அரளிப்பூவை மடித்து, இடையிடையே பச்சை நொச்சி இலையை வைத்து, பாய் பின்னுவது போலத் தட்டையாக ஒரு மாலை வரும். எட்டி நின்று பார்த்தால் ரத்தினக் கல் பதித்த மாதிரி இருக்கும். முதல் நாள் மாலையை வரையாதே, கட்டும் விரல்களை மட்டும் வரை. இரண்டாம் நாள் ஒரே ஒரு மடிப்பை ஆறு படமாக, ஒவ்வொரு நிலையையும் வரை. அதற்கு அப்புறம் முழு மாலை. இப்படிப் பத்து நாள் போனால் இருபது பக்கம் தேறும். நீ ஒரு பொருளை எப்படிப் பார்த்தாய், எப்படி யோசித்தாய் என்பது அதில் வரிசையாகத் தெரியும். தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் தேடுவது அதைத்தான்.

பத்மநாபபுரம் அரண்மனையும் உனக்குப் பக்கம். பூமுகம் என்கிற நுழைவு மண்டபத்தின் மரக்கூரையில் செதுக்கிய பூக்கள் இருக்கின்றன, ஒன்று போல இன்னொன்று இருக்காது. அண்ணாந்து பார்த்து வரைவது கழுத்து வலிக்கும், ஆனாலும் செய். திங்கட்கிழமை விடுமுறை, வீணாகப் போய் நிற்காதே.

படங்களைப் போட்டோ எடுக்கும்போது ஃபிளாஷ் போடாதே. காலை பத்து மணி வாக்கில் வெயில் நேராக விழாத திண்ணையில் படத்தைச் சுவரில் ஒட்டி, ஃபோனைப் படத்துக்கு நேராகப் பிடித்து எடு. காகிதத்தின் நான்கு மூலையும் நேராக இருக்க வேண்டும்.

டீச்சர், நான் இப்போது இருக்கும் கல்லூரியிலேயே பட்டத்தை முடிக்கப் போகிறேன். ஆனால் டிசைன் பாடங்களை ஆன்லைனில் படித்து கிரெடிட் சேர்க்க முடியுமா?
வாசகர், திங்கள்சந்தை

முடியும். மத்திய அரசின் ஸ்வயம் என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் டிசைன் பாடங்கள் இருக்கின்றன. அந்தத் தளத்தில் ஐஐடிகள் பாடம் நடத்தும் திட்டமான என்பிடெல் கணக்கில் 4 வாரப் பாடத்துக்கு 1 கிரெடிட், 8 வாரத்துக்கு 2, 12 வாரத்துக்கு 3. ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை இப்படி ஸ்வயம் வழியாக எடுக்கலாம் என்று 2021-ல் யுஜிசி அனுமதித்தது. ஆனால் உன் கல்லூரி முதலில் அந்தப் பாடத்தை ஏற்க வேண்டும். பாடத்தில் சேரும் முன்பே உங்கள் எச்.ஓ.டி.யிடம் எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கு. படித்து முடித்துவிட்டுக் கேட்டால் கிடைப்பது கஷ்டம். வீடியோ பார்ப்பதற்கு கிரெடிட் கிடையாது, தேர்வு மையத்துக்குப் போய்த் தேர்வு எழுதித் தேற வேண்டும்.

வணக்கம் டீச்சர். வயது 36. மயிலாடியில் கல் சிற்ப வேலை செய்கிறேன். 2009-ல் பி.ஏ. இரண்டாம் ஆண்டோடு நின்றுவிட்டேன். முறையாகச் சிற்பம் படிக்க வேண்டும் என்ற எண்ணம் இப்போதும் போகவில்லை. அந்த இரண்டாண்டு மார்க்‌ஷீட் எதற்காவது பயன்படுமா?
வாசகர், மயிலாடி

தம்பி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஏபிசி கணக்கில் சேர்வது 2021-22 கல்வியாண்டு முதல் படித்த பாடங்கள். உங்கள் 2009 மார்க்‌ஷீட் அதில் ஏறாது. மேலே சொன்ன 7 ஆண்டுக் கெடுவும் எப்போதோ தாண்டிவிட்டது. அந்தக் காகிதத்தைக் காட்டி ஆண்டைக் குறைக்க முடியாது.

மாமல்லபுரத்தில் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி இருக்கிறது, 1957-ல் தொடங்கியது. மரபுச் சிற்பத்தில் பட்டப் படிப்பு அங்கே உண்டு. அதற்குத் தேவை பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ், அதைத் தேடி எடுத்து வையுங்கள். வயது வரம்பைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். இந்த ஆண்டுச் சேர்க்கை அறிவிப்பு வந்தவுடன் அந்த ஒரு வரியைப் பாருங்கள். அது தடுக்காவிட்டால் மற்றதெல்லாம் உங்கள் பக்கம்தான். உளி பிடிக்கத் தெரியாத பிள்ளைகள் நடுவில் போய் நிற்கப் போகிறீர்கள்.

வயது தடுத்தால் எனக்கு இந்தப் பத்திரிகை முகவரிக்கு மறுபடி எழுதுங்கள். கடிதத்தோடு நீங்கள் செய்த ஒரு சிலையின் போட்டோ வையுங்கள். முடித்த சிலை வேண்டாம். பாதி செதுக்கி நிறுத்தியதை, உளித்தடம் தெரியும்படி எடுத்து அனுப்புங்கள்.